இடது பக்கத்து லாக் பின்

கீழ உத்தர வீதி, ஸ்ரீரங்கம்
27.1.2026

அழகிரி அவர்களுக்கு,

வைஜயந்தி எழுதுகிறேன். ஸ்ரீவத்ஸின் மனைவி. உங்கள் நம்பரை என் போனில் தடுத்து வைத்து ஒரு வருஷம் ஆகிறது. அதை எடுக்கப் போவதில்லை. “நீங்கதான் ஜீப்புல இதையெல்லாம் அவருக்குக் கழட்டக் கத்துக்கொடுத்தேள், நீங்கதான் கொன்னேள்” என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் முன்னாலும் கத்தினேனே, அதையும் திரும்பப் பெறப் போவதில்லை. உங்கள் குரலைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை. அதனால்தான் கடிதம். இருபத்தாறு வருஷமாகத் தபால் ஆபீசில் வேலை பார்க்கிறேன், கடிதம் எழுத எனக்குக் கூச்சமில்லை.

திதிப்படி போன வியாழக்கிழமை அவருடைய வருஷாப்திகம் முடிந்தது. எங்கள் பெண் கமலினி ஹைதராபாத்திலிருந்து வந்து மூன்று நாள் இருந்தாள். அவளை ரயிலேற்றிவிட்டு வந்து, விளக்கைக்கூடப் போடாமல் கொஞ்ச நேரம் கூடத்தில் நின்றேன். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து அந்த நீலப் பையை இறக்கினேன். விபத்தன்று வண்டியில் இருந்தது என்று ஆஸ்பத்திரியில் என் கையில் கொடுத்த பை. அதுவரை நான் திறக்கவே இல்லை.

உள்ளே ஒரு துண்டு, பூஞ்சை பிடித்துப்போய். சுருட்டி வைத்த பேண்ட், கிரீஸ் கறையோடு. பேண்ட்டின் பின்பாக்கெட்டில் இரண்டு இரும்புத் துண்டுகள். விரல் நீளம், ஒரு முனையில் வளையம், அதில் ஒரு ஸ்பிரிங் கிளிப். ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். இன்னொன்று என் மேஜையில் இருக்கிறது.

இது என்ன? அவர் பையில் ஏன் இருந்தது? வீட்டில் கேட்க ஆளில்லை. ஒரு வரி எழுதினால் போதும்.

வைஜயந்தி


பாலக்கரை
2.2.2026

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு அழகிரி வணக்கத்துடன் எழுதுவது.

கவர் சனிக்கிழமையே வந்துவிட்டது. விபத்து நடந்த தேதி இன்று என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பட்டறையைத் திறக்கவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜீப்பின் முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் சேர்த்து அடியில் ஒரு வளைந்த கம்பி போகும். ஸ்டெபிலைசர் பார் என்போம். ஆன்டி ரோல் பார் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். தார் ரோட்டில் வண்டியை வேகமாக ஒடித்தால் ஒரு பக்கமாகச் சாயும் இல்லையா, சாயவிடாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். கல்லும் குழியுமான மலையடிவாரத்தில் அதே கம்பி இடைஞ்சல். ஒரு சக்கரம் குழியில் இறங்கப் பார்க்கும், கம்பி விடாது. சக்கரம் தரையில் படாமல் சும்மா சுற்றும். அதனால் காட்டுக்குள் போகும்போது இரண்டு பக்கமும் கழட்டி, கம்பியைத் தூக்கி ஒயரால் கட்டிவிடுவோம். தார் ரோட்டில் ஏறும் முன் மறுபடி மாட்டியாக வேண்டும். பக்கத்துக்கு ஒரு லாக் பின்.

நீங்கள் அனுப்பியது அந்த மாதிரிப் பின்தான். ஆனால் ஸ்பேர். வண்டியில் போட வேண்டியது என்னிடம் இருந்தது. அன்றைக்குக் கழட்டியதும் நான்தான், திரும்ப மாட்ட மறந்ததும் நான்தான். குறுக்கே வந்த ஆட்டுக்காக சார் ஒடித்தபோது கம்பி இருந்திருந்தால் வண்டி புரண்டிருக்காது. ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னதில் தப்பே இல்லை.

இப்போது நான் யாருக்கும் கம்பியைக் கழட்டிக் கொடுப்பதில்லை. கேட்டு வருகிறவர்களை அனுப்பிவிடுகிறேன். ஆயில் மாற்றுவது, பிரேக் பார்ப்பது, அவ்வளவுதான். மேஜையில் இருக்கிற இன்னொரு பின்னைக் கொள்ளிடத்தில் போட்டுவிடுங்கள் அம்மா. அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்.

அழகிரி


ஸ்ரீரங்கம்
9.2.2026

அழகிரி அவர்களுக்கு,

ஆக, ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

உங்கள் கடிதம் எங்கள் ஆபீசுக்கே வந்தது. தபால்காரர் கட்டில் சேர்க்கும் முன் நானே என் பெயரைப் பார்த்து எடுத்துக்கொண்டேன். ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் பிரித்துக் கொடுக்கிறேன், என் பெயருக்குக் கையெழுத்தில் ஒன்று வந்து எத்தனையோ வருஷமாயிற்று. அதுவும் உங்களிடமிருந்துதான் வர வேண்டும் என்று இருந்திருக்கிறது பாருங்கள்.

இந்த ஒரு வருஷமும் நான் தனியாக இருந்தேன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இல்லை, உங்களோடு இருந்தேன். காலையில் ஒரு ஆழாக்கு அரிசி களையும்போது மனசுக்குள் உங்களைக் கூண்டில் ஏற்றுவேன். நீங்கள் ஏதாவது சாக்குச் சொல்வீர்கள். நான் மடக்குவேன். ஆபீசுக்கு நடந்து போகிற வழியெல்லாம் அதுதான். இப்போது ஒரே கடிதத்தில் நீங்களாகவே தலை குனிந்துவிட்டீர்கள். நிம்மதியாகத் தூங்குவேன் என்று நினைத்தேன். தூக்கமும் வரவில்லை, சண்டை போடவும் ஆளில்லை. வீட்டில் ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும் கேட்கிறது.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஸ்பேர் என்றால் புதுசாக இருக்கும். இந்த இரண்டு பின்னிலும் கிரீஸ், அதன் மேல் செம்மண். உபயோகித்ததற்கும் உபயோகிக்காததற்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். ஸ்டாம்ப் பார்த்துப் பழகின கண்.

இரண்டாவது, அன்று அவர் கடைசியாக என்ன பேசினார்? என்னிடம் போனில் “சரி சரி” என்றதோடு சரி. அதற்குப் பிறகு உங்களிடம் ஏதாவது சொல்லியிருப்பார். அதை எனக்கு எழுதுங்கள். கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

பின்னைக் கொள்ளிடத்தில் போடவில்லை.

வைஜயந்தி


பாலக்கரை
16.2.2026

அம்மாவுக்கு,

பட்டறையில் எந்தப் பொருள்தான் சுத்தமாக இருக்கிறது. ஸ்பேரிலும் மண் ஒட்டும். அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சார் பேசியதைக் கேட்டிருக்கிறீர்கள். அது நியாயம், எழுதுகிறேன். மருங்காபுரியில் எங்கள் கொல்லையில்தான் அன்றைக்கு எங்கள் ஜீப் குழுவின் எல்லா வண்டியும் நின்றது. மலையடிவாரத்தில் காலையிலிருந்து ஓட்டிவிட்டு வந்திருந்தோம். மூன்று மணிக்கு சார் கிளம்ப வேண்டும். பெண் பார்க்க ஆறு மணிக்கு வருகிறார்கள் என்று காலையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டார். பம்புசெட்டில் குளித்துவிட்டுப் பளிச்சென்று வந்து நின்றார். என் வீட்டுக்காரி அமிர்தம் அவித்த கடலை கொடுத்தாள். “அமிர்தம், கமலினி கல்யாணத்துக்குப் பட்சணம் நாங்க பண்ணிக்கறோம், கடலை மட்டும் உங்க கொல்லையிலேருந்துதான் வரணும்”னு சொன்னார். “ரெண்டு மூட்டை அனுப்புறேங்க”ன்னு அவளும் சொன்னாள். சார் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ரசூல் பாய் வண்டி ஓடையில் மாட்டிக்கொண்டிருந்தது, அதை இழுக்க நான் தங்கிவிட்டேன். சார் தனியாகப் போனார். கையை வெளியே நீட்டி ஆட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான் மருங்காபுரிக்குப் போகவில்லை. வாராவாரம் போய்க்கொண்டிருந்தவன். போனால் விராலிமலைக்கு முன்னால் அந்த இடத்தைத் தாண்ட வேண்டும். அமிர்தம்தான் மாதம் ஒரு தடவை பஸ்ஸில் வந்து குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு, ஆட்டைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே திரும்பிவிடுவாள். மற்ற நாளெல்லாம் கடைச் சாப்பாடு. இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

என் தப்பை நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். இதோடு விட்டுவிடுங்கள் அம்மா.

அழகிரி


ஸ்ரீரங்கம்
24.2.2026

அழகிரி அவர்களுக்கு,

உங்களுக்குப் பொய் சொல்ல வரவில்லை. எழுதவும் வரவில்லை.

நேற்று ரசூல் பாய் ஸ்பீட் போஸ்ட் அனுப்ப என் கவுண்டருக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தார். நான்தான் கூப்பிட்டேன். கைப்பையிலிருந்து அந்தப் பின்னை எடுத்துக் காட்டி, “இது ஸ்பேரா பாய்?” என்று கேட்டேன்.

“ஸ்பேரா? இந்தப் பின்னுக்கு ஸ்பேரே கிடையாதும்மா. அழகிரி அண்ணன் வச்சுக்க விடமாட்டாரு. ஸ்பேர் இருந்தா அசால்ட்டு வந்துரும்பாரு.”

“கழட்டினா எங்க வெச்சுப்பேள்?”

“யார் வண்டியோ அவங்கதான் படுத்துக் கழட்டணும், அவங்கதான் மாட்டணும். கழட்டுன பின்னை அவங்கவங்க பேண்ட்டு பின்பாக்கெட்டுலதான் போடணும். அண்ணன் போட்ட ரூல். டிரைவர் சீட்டுல உக்காந்தா நறுக்குனு குத்தும், மறக்கவே முடியாதுல்ல. ஸ்ரீவத்ஸ் சாருக்குக் கூடக் குத்திக் குத்தி…” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பின்னால் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். மிச்சப் பேருக்கெல்லாம் ரசீது போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அழகிரி, நான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அன்று காலை அந்த நீலப் பையில் மயில்கண் வேஷ்டியை மடித்து வைத்தது நான். மத்தியானம் இரண்டு மணிக்குப் போன் பண்ணி, “அந்த கிரீஸ் பேண்ட்டோட மாப்பிள்ளை ஆத்துக்காரா முன்னாடி வந்து நிக்காதீங்கோ. அங்கயே குளிச்சுட்டு, பஞ்சகச்சம் கட்டிண்டு வாங்கோ”ன்னு சொன்னதும் நான். அவர் “சரி சரி” என்றார். பம்புசெட்டில் குளித்தார். பேண்ட்டைக் கழற்றிச் சுருட்டிப் பையில் வைத்தார். வேஷ்டிக்கு ஏது பாக்கெட்? சீட்டில் உட்கார்ந்தபோது ஒன்றும் குத்தவில்லை. அப்படியே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அவரை அந்த வேஷ்டியில்தான் பார்த்தேன். என் பேச்சைக் கேட்டிருக்கிறார் என்று அப்போதே தெரிந்தது. அது இதில்தான் கொண்டுபோய் விட்டது என்று தெரியவில்லை.

நீங்கள் கழட்டவில்லை, மாட்ட மறக்கவுமில்லை. என் கவரைப் பிரித்த அன்றே உங்களுக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. எனக்குத் தெரியக் கூடாது என்று பழியைத் தூக்கி உங்கள் தலையில் போட்டுக்கொண்டீர்கள். யார் கேட்டார்கள் உங்களை?

நான் எழுதியது சரியா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று எழுதுங்கள்.

வைஜயந்தி


பாலக்கரை
1.3.2026

அம்மாவுக்கு,

ஆமாம்.

அதற்கு மேல் என்ன எழுதுவது என்று நாலு தாளைக் கிழித்துவிட்டேன். உங்கள் மேல் தப்பில்லை என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் பொய்க்கடிதம் மாதிரியே இருக்கிறது. அதனால் நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

வண்டியைப் போலீஸ் விட்டதும் பட்டறைக்குக் கொண்டுவந்து அடியில் படுத்துப் பார்த்தேன். கம்பி ஒயரில் கட்டியபடியே இருந்தது. மாட்டவில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். பின் இரண்டும் எங்கே என்றுதான் தெரியவில்லை. வண்டி முழுக்கத் தேடினேன். அமிர்தத்தை விட்டுப் பம்புசெட்டைச் சுற்றித் தேடச் சொன்னேன். சாருக்கு ரூல் என்றால் ரூல்தான், அவர் பேண்ட் பாக்கெட்டை விட்டு வேறெங்கும் வைக்கிற ஆள் இல்லை. எப்படி மறந்தார் என்று ஒரு வருஷம் மண்டையைக் குடைந்தது. உங்கள் கவரில் பேண்ட், பை என்று படித்தவுடன் விளங்கிவிட்டது.

அம்மா, சார் குளித்துவிட்டு வேட்டியோடு வந்து நின்றபோது நான் பத்தடி தூரத்தில் நின்றேன். கிரீஸ் பேண்ட்டைச் சுருட்டிப் பையில் வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். “மாப்ள யாருங்க சார், நீங்களா வர்றவரா?”ன்னு கேலி பண்ணினேன். பின்னை மாட்டியாச்சா என்று கேட்கவில்லை. நாள் தவறாமல் கேட்கிறவன், அன்றைக்குச் சிரித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அந்த ரூலைப் போட்டவன் நான். எல்லாரிடமும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். பேண்ட் போட்டிருக்கிறவரைக்கும்தான் அது வேலை செய்யும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் வீட்டில் விசேஷத்துக்கு வேட்டி கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன.

ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னபோது நான் வாயைத் திறக்காததற்கு அதுதான் காரணம். கொஞ்சமாவது உண்மை அதில் இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு புது ரூல் போட்டேன். மாட்டியவர் சொன்னால் போதாது, இன்னொருத்தர் படுத்து இரண்டு பின்னையும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் நான்தான் இப்போது யாரையும் கழட்டவே விடுவதில்லையே. அதனால் இதுவரை ஒரு வண்டியிலும் இழுத்துப் பார்க்க வேண்டி வரவில்லை.

சாருடைய ஜீப் இங்கேதான் இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வேலை இல்லாத சாயங்காலங்களில் தட்டித் தட்டிக் கூரையை நிமிர்த்திவிட்டேன். கண்ணாடி போட்டாகிவிட்டது. ஸ்டார்ட் பண்ணினால் ஓடும். அந்தக் கம்பியை மட்டும் தொடவில்லை. கட்டியது கட்டியபடியே இருக்கிறது.

அழகிரி


ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்
5.3.2026

அழகிரி,

கமலினியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போனில் முழுதையும் கேட்டாள். பிறகு, “அம்மா, லேட்டாகாம வந்துடுங்கோன்னு அப்பாவுக்கு நானும் மெசேஜ் பண்ணியிருந்தேனே. இத்தனை நாளா உங்கிட்ட சொல்லலை” என்றாள். இரண்டு பேரும் அழுதோம். ஒரு வருஷமாக அவள் அங்கே தனியாக அழுதிருக்கிறாள், நான் இங்கே தனியாக. நீங்கள் ஷட்டரை இறக்கிக்கொண்டு.

உங்கள் மேல் கோபம் போய்விட்டது என்று எழுத முடியவில்லை. பழக்கமாகிவிட்டது, உடனே விடாது. ஆனால் வராந்தாவில் சொன்னேனே, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எல்லார் முன்னாலும் சொன்னது. இந்தக் கடிதத்தை ரசூல் பாயிடமும் மற்றவர்களிடமும் காட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன். என்னிடம் இருக்கும் பின்னைக் கொண்டுவருகிறேன். உங்களிடம் இருப்பதை நீங்கள் கொள்ளிடத்தில் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அவர் எந்தப் பக்கத்தை முதலில் மாட்டுவார் என்று சொல்லுங்கள், அந்தப் பக்கத்தை எனக்கு விட்டுவிடுங்கள். படுக்க ஒரு சாக்கு போட்டு வைத்தால் போதும். பழைய புடவை கட்டிக்கொண்டு வருவேன்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, இந்த வயசில் கற்றுக்கொள்ளவும் போவதில்லை. கம்பியை மாட்டின பிறகு ஜீப்பை நீங்கள் எடுத்துக்கொண்டு அமிர்தத்தைப் போய்ப் பாருங்கள். ஒரு வருஷம் ஒருத்தியைக் காக்க வைத்தது போதும். எனக்கு அது தெரியும்.

வைஜயந்தி


மருங்காபுரி
15.3.2026

அம்மாவுக்கு,

கொல்லையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜீப் எதிரே நிற்கிறது. அமிர்தம் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கிறாள், கிட்டே போகவில்லை. உங்களுக்கென்று கடலை எடுத்து வைத்திருக்கிறாள்.

போன ஞாயிறு நீங்கள் வந்தபோது நான் அதிகம் பேசவில்லை. சார் எப்போதும் இடது பக்கம்தான் முதலில் மாட்டுவார் என்று சொன்னதோடு சரி. நீங்கள் சாக்கில் படுத்துக் கையை நீட்டியபோது துளை எட்டவில்லை. நான் கம்பியைத் தூக்கிப் பிடித்தேன். மூன்றாவது தடவை உள்ளே போய் ‘டக்’கென்று கிளிப் விழுந்தது. நீங்கள் உடனே வெளியே வரவில்லை. நான் பாட்டுக்கு அந்தப் பக்கம் போய் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கிரீஸ் கையோடு ஆட்டோவில் ஏறினீர்கள்.

இன்று காலை விராலிமலைக்கு முன்னால் அந்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டினேன். கொஞ்ச நேரம் நின்றேன். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. பிறகு மெதுவாக வந்துவிட்டேன். வளைவில் வண்டி சாயவில்லை.

நீங்கள் இனிப் போனில் பேசலாம் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால் இந்தக் கடிதம். ஆபீசில் உங்கள் பெயருக்கு இன்னும் ஒன்று வந்தது என்று இருக்கட்டும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்று கிளம்பும் முன் அடியில் படுத்து இரண்டு பின்னையும் இழுத்துப் பார்த்தேன். சந்தேகப்பட்டு அல்ல, ரூல். இடது பக்கம் நீங்கள் மாட்டியது அசையவே இல்லை அம்மா.

அழகிரி